ஒரு சொல், பல பொருள்

மாணவர்களே! ஆரல்வாய்மொழிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே, மலையடிவாரத்தில் அமைந்த அழகிய ஊர் தோவாளை. பொழுது புலருமுன்னரே அவ்வூர்ப் பூச்சந்தையில் விளக்குகள் ஒளிரும். பிச்சி, மல்லிகை, அரளி, சம்பங்கி, கொழுந்து முதலியன குவியல் குவியலாக வந்து சேரும். மாலை கட்டுவதில் அவ்வூரார் புகழ் வாய்ந்தவர். நாம் இன்று அச்சந்தைக்குச் செல்வது பூ வாங்குவதற்கன்று. சொற்களின் இயல்பை அறிந்துகொள்வதற்கேயாகும்.

ஒரு திருமண வீட்டை எண்ணிப் பாருங்கள். முகூர்த்தம் காலை ஏழு மணிக்கு. முதல்நாள், வீட்டுப் பெரியவர், “நாளை மாலை இரண்டு வேண்டும்” என்று சீட்டு எழுதி, மாலை கட்டுபவரிடம் ஒரு சிறுவன் வழியாக அனுப்புகிறார். மாலை கட்டுபவரிடம் வேறு எதனைக் கேட்பார்கள்? ஆதலின், சீட்டிலுள்ள ‘மாலை’ பொழுதைக் குறிப்பதாக அவர் கொள்கிறார்; மறுநாள் அந்திக்குள் இரண்டு கட்டி முடிக்கலாம் என்றிருக்கிறார். விடியற்காலையில் பெரியவர் வந்து நிற்கும்போது ஒரு பூவேனும் தொடுக்கப்படவில்லை. மணவீட்டில் நாதசுரம் ஒலிக்கிறது, மாலையோ இல்லை! குற்றம் யாருடையது? எழுதியவர் பொய் எழுதவில்லை. படித்தவர் தவறாகப் படிக்கவுமில்லை. இருவரையும் மயங்கச் செய்தது ஒரு சொல்.

இத்தகைய சொற்களைப் ‘பலபொருள் ஒருசொல்’ என்று பெயரிட்டுத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஆராய்ந்துள்ளார். ‘மாலை வாடியது’ என்றால் பூமாலை. ‘மாலை இருண்டது’ என்றால் பொழுது. இங்கு வினைச்சொல்லே பொருளைத் தெளிவாக்கிவிடுகிறது. ‘மாலை வந்தது’ என்றால்? பொழுதும் வரும், கட்டிய மாலையும் வரும். வினை துணை செய்யாத இவ்விடத்தில், கூறுவோரே வெளிப்படையாக எடுத்துரைத்தல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து.

சில சொற்களுக்கு இடமே பொருள் காட்டும். மளிகைக் கடையில் ‘மல்லி’ என்றால் கொத்தமல்லி; பூக்கடையில் மல்லிகை. நாஞ்சில் நாட்டு உழவரிடையே ‘பூ’ என்பது நெல் விளையும் போகத்தையும் குறிக்கும். கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகங்கள் உண்டு. “கும்பப்பூ எப்படி?” என்று ஒருவர் வினவக் கேட்ட வெளியூரார், அம்மலரின் நிறம் யாதோ என்று திகைப்பர்!

ஒலியால் மயங்கும் சொற்களும் உள. இப்பகுதியில் தோட்டநிலத்தை ‘விளை’ என்பர். அம்மாண்டிவிளை போன்ற ஊர்ப்பெயர்களில் அதனைக் காணலாம். லகரத்தையும் ளகரத்தையும் பிறழ ஒலித்தால், பூவின் விலையைக் கேட்டவர் நிலத்தைக் கேட்டவராவார். ஆங்கிலத்திலும் பூவிற்கும் மாவிற்கும் உரிய சொற்கள் எழுத்தில் வேறாயினும், ஒலியில் ஒன்றே: ‘பிளவர்’. மாவின் சிறந்த பகுதியைப் பூ என்று பாராட்டியதால் ஒரே சொல் இரண்டிற்கும் பெயராயிற்று. பிற்காலத்தார் எழுத்தால் அவற்றைப் பிரித்தனர்.

குமரி மாவட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன்னும் பின்னும் தமிழும் மலையாளமும் இங்கு அருகருகே வழங்கி வருகின்றன. ஓணத்திற்குப் பூ வாங்க வரும் மலையாள வணிகர், “வெள்ளம் வேண்டும்” என்றால் அஞ்ச வேண்டா. அவர் கேட்பது குடிக்கத் தண்ணீர்!

ஒரு சொல் பல பொருள் தருவது மொழிக்குக் குறையன்று. அது மொழியின் வளமேயாம். ஐயம் தோன்றுமிடத்துத் தெளிவான சொல் ஒன்றைச் சேர்ப்பது நம் கடமை. “நாளைக் காலை ஐந்து மணிக்கு மணமாலை இரண்டு வேண்டும்” என்று அப்பெரியவர் எழுதியிருப்பின், மணமக்கள் உரிய வேளையில் மாலை மாற்றியிருப்பர் அல்லரோ? எழுதியதைப் பிறர் கண்கொண்டு மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தபின் அனுப்புங்கள்.