உங்கள் வண்டி கடைசியில் நிற்கட்டும்

ட்ரெய்லர் உரிமையாளர் சங்கத்தில் புதிதாகப் பொறுப்பேற்கும் தம்பிகளுக்கும், ஆபீஸ் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன். ஒற்றை வண்டியோடு இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் தொடங்கி எண்ணூர் விரைவுச் சாலை நெடுக வண்டிகள் நாள்கணக்கில் நின்ற காலம் அது. டிரைவர்கள் வண்டிக்கடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் சங்கத்துக்குள் நுழைந்தேன். பொருளாளராகவும் செயலாளராகவும் இருந்து, சிலவற்றைத் தவறு செய்தே கற்றேன்.

1. முதலில் வரிசை. மணலி, மாதவரம் கிடங்குகளிலிருந்து "நாலு வண்டி வேணும்" என்று சங்கத்துக்குப் போன் வரும். அந்த நிமிடம் நோட்டில் யார் பெயர் மேலே இருக்கிறதோ அவருக்குத்தான் தகவல் போக வேண்டும். தலைவர் வண்டி, செயலாளரின் மச்சான் வண்டி என்று இடையில் பெயர் ஏறினால் ஒற்றை வண்டிக்காரர் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார். சண்டைக்கு வரமாட்டார். அடுத்த மாதம் சந்தா கட்டமாட்டார், அவ்வளவுதான். நான் பார்த்தவரை சங்கங்கள் உடைந்தது இப்படித்தான். ஆகவே பொறுப்பில் இருக்கும்வரை உங்கள் வண்டி வரிசையின் கடைசியில் நிற்கட்டும். நஷ்டம்தான். அதைத் தாங்க முடியாதவர் பொறுப்புக்கு வரவேண்டாம்.

நோட்டு எழுதும் பிள்ளைக்கு ஒரு வார்த்தை: தப்பாக எழுதிவிட்டால் பழைய எழுத்து தெரியும்படி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போடு. தலைவரே சொன்னாலும் ஒயிட்னர் தடவாதே.

2. வாடகையில் சங்கம் கைவைக்கக் கூடாது. "எல்லோருக்கும் ஒரே ரேட்டு போட்டுவிடலாமே" என்று பொதுக்குழுவில் கைதட்டல் வாங்குவது சுலபம். கொச்சியில் கன்டெய்னர் ட்ரெய்லர் உரிமையாளர் சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு வைத்து, ஒரே இடத்தில் புக்கிங், முறைவைத்து வண்டி, நிர்ணயித்த வாடகை என்று நடத்தின. துறைமுகமே இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. அப்படி வாடகை நிர்ணயித்தது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று 2017-ல் ஆணையம் சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்தின்படி சங்கத்தின்மேல் மட்டுமல்ல, முடிவெடுத்த நிர்வாகிகள்மேலும் தனித்தனியாக அபராதம் விழலாம். டீசல் ஏறியது, டயர் விலை ஏறியது, கேட்டில் வண்டி காய்கிறது என்று துறைமுகத்திடமும் அரசிடமும் தாராளமாகப் பேசுங்கள். வாடகையை அவரவர் பேசிக்கொள்ளட்டும். சங்கத்தில் சேராதவர் வண்டியை மறிப்பது அதைவிடப் பெரிய தப்பு. அவரும் தவணை கட்டுகிறவர்தான்.

3. சங்கப் பணம் ஒரு ராத்திரிகூட உங்கள் பணத்தோடு கலக்கக் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். விபத்து நிதி என்று மாதாமாதம் வசூலித்து வந்தோம். பாங்குக்குப் போக நேரமில்லை என்று வீட்டு பீரோவில் வைத்திருந்தேன். ஒரு மழைக்காலத்தில் என் வண்டிக்கு இரண்டு டயர் மாற்ற வேண்டி வந்தது. லோடு பணம் வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று அதிலிருந்து எடுத்தேன். அந்த வாரமே நம் உறுப்பினர் ஒருவரின் டிரைவர் விபத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி கைக்குழந்தையோடு வந்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார். "பாங்க் லீவு, திங்கட்கிழமை வாம்மா" என்றேன். பொய். நாலு நாள் அலைந்து, வட்டிக்கு வாங்கிக் கொடுத்தேன். ஒரு பைசா குறையவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. திருட்டு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பிணம் எடுக்கும் முன் போக வேண்டிய பணம் பால் தெளித்த பிறகு போனது. அதற்குத் திருட்டு என்றுதான் பெயர்.

வாங்கிய அன்றே ரசீது, மறுநாள் பாங்க், செக்கில் இரண்டு பேர் கையெழுத்து. மாதக் கணக்கை ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள். யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், படிப்பார்கள்.

4. மாமூலுக்கென்று சங்கம் வசூல் செய்யக் கூடாது. ரோட்டில் தனித்தனியாகக் கொடுப்பதைவிடச் சங்கம் மொத்தமாகக் கொடுத்தால் தொல்லை குறையும் என்று யாராவது சொல்வார். அன்றிலிருந்து சங்கம் லஞ்சத்தின் ஏஜெண்ட் ஆகிவிடும். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு கொடுப்பவரும் குற்றவாளி, ஏழு வருடம்வரை சிறை. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் பாதுகாப்பு உண்டு. அந்த ஏழு நாளுக்குள் உறுப்பினரின் கூடவே போய்ப் புகார் எழுதிக் கொடுப்பதுதான் சங்கத்தின் வேலை.

5. கம்பெனிக்காரர்களோடு பேசத் தனியாகப் போகாதீர்கள். குறைந்தது இரண்டு பேர். பேசியதை அன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வந்தால் ஆபீஸிலேயே பிரித்து எல்லோருக்கும் கொடுங்கள். அதற்கு மேல் எது வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். வேலைநிறுத்தம் அறிவித்த ராத்திரியில் நிர்வாகியின் வண்டி பின்வழியாக ஓடினால், அந்தச் சங்கத்தின் பேச்சை அதன்பிறகு எந்த கேட்டிலும் மதிக்கமாட்டார்கள்.

6. டிரைவர்கள் நம் எதிரிகள் இல்லை. பக்கத்துப் பெரம்பூரில் 1918-லேயே சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிவிட்டார்கள். சங்கம் வைப்பதில் நூறு வருடத்துக்கு மேல் பழகிய ஊர் இது. டிரைவர்கள் சங்கம் வைத்தால் உட்கார்ந்து பேசுங்கள். டிரைவரின் ஒரிஜினல் லைசென்ஸை வாங்கிப் பூட்டி வைக்கும் உறுப்பினரைக் கண்டியுங்கள். "இவன் திருடன், வேலை கொடுக்காதீர்கள்" என்று போட்டோ போட்டுச் சங்கத்து வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. டீசல் திருடியிருந்தால் போலீஸ் இருக்கிறது. அட்வான்ஸ் தகராறில் கோபப்பட்டு ஒருவர் போட்ட போட்டோவால் ஒரு குடும்பம் பட்டினி கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

7. ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் பிள்ளையை ராத்திரி கூட்டம் முடியும்வரை உட்காரவைக்காதீர்கள். டீ வாங்கவும், உங்கள் வீட்டு கரண்ட் பில் கட்டவும் அவர் வரவில்லை. யாராவது தப்பாக நடந்தால் "நம்ம உறுப்பினர்தானேம்மா" என்று மூடி மறைக்காதீர்கள். பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் இருக்கும் இடங்களுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத்தில் புகார்க் குழு இருக்கிறது. அம்மா, அந்த விலாசத்தை எழுதி உன் மேஜைமேலேயே ஒட்டிவை. யாரிடமும் அனுமதி கேட்காதே.

8. ஆடி மாதம் கூழ் ஊற்ற நன்கொடை கேட்டு வருவார்கள், தேர்தல் வந்தால் கட்சிக்காரர்களும் வருவார்கள். கொடுக்கத் தோன்றினால் சொந்தப் பணத்தில் கொடுங்கள்.

9. பதவிக்காலம் முடிந்தால் இறங்கிவிடுங்கள். எனக்கும் ஒருமுறை "அண்ணன் இல்லாமல் நடக்காது" என்றார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. நடந்தது, நன்றாகவே நடந்தது. புது நிர்வாகிகள் பெயரைச் சங்கப் பதிவாளருக்கு உடனே அனுப்புங்கள். அனுப்பாமல் இழுத்தால் பாங்கில் பழைய ஆள் கையெழுத்தே ஓடிக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீஸுக்கு வாருங்கள். பீரோ சாவி, செக் புத்தகம், தீர்மானப் புத்தகம், வரிசை நோட்டு எல்லாம் மேஜைமேல் இருக்கும். என் பேச்சை நம்பி வாங்காதீர்கள். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.