பாட்டிலுக்குள் இருப்பதை லேபிள் சொல்லட்டும்

கேள்வி: பிரிட்டனில் வசிக்கிறேன். சில மாதங்களாக வீட்டிலேயே பீர் தயாரிக்கிறேன். ஒரு தடவைக்கு 500 மி.லி. பாட்டில் நாற்பது வரை கிடைக்கிறது. பாதி நண்பர்களுக்குத்தான் போகிறது. தமிழில் பெயர் வைத்து லேபிள் ஒட்டிக் கொடுக்க ஆசை. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் ஸ்டிக்கர் தாளில் அச்சடித்துப் பார்த்தேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்தில் மை வழிந்துவிடுகிறது. காலி பாட்டிலைக் கழுவும்போது பசை போக மறுக்கிறது. லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும்? எப்படி வடிவமைப்பது, எதைக் கொண்டு ஒட்டுவது?

பதில்: என்ன எழுதப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். படமும் நிறமும் அதற்குப் பிறகு. கடை பீரின் லேபிள் வாங்கச் சொல்லி அழைக்கிறது. உங்கள் லேபிளுக்கு அந்த வேலை கிடையாது. வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் வேண்டும் என்ற விதியை 1963 பட்ஜெட்டில் பிரிட்டிஷ் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் நீக்கினார். அன்றிலிருந்து சொந்த உபயோகத்துக்குத் தாராளமாகத் தயாரிக்கலாம். விற்பதென்றால்தான் பதிவும் வரியும். ஆகவே உங்கள் பாட்டிலைத் திறப்பவர் உங்களை நம்பித் திறக்கிறார். அவருக்குத் தெரிய வேண்டியதைச் சொல்வதே லேபிளின் முதல் கடமை.

பெயருக்கு அடுத்து நான்கு விவரங்கள் கட்டாயம் வேண்டும்.

முதலாவது, பீரின் வகை. பேல் ஏலா, ஸ்டவுட்டா, கோதுமை பீரா என்பது தெரிந்தால்தான் எவ்வளவு குளிர வைப்பது, எதனுடன் பரிமாறுவது என்று தீர்மானிக்க முடியும்.

இரண்டாவது, பாட்டிலில் அடைத்த தேதி. சர்க்கரை சேர்த்து அடைத்த பீரில் நுரை கட்ட, அறை வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஹாப்ஸ் மணம் தூக்கலாக உள்ள ஐ.பி.ஏ.வைச் சில மாதங்களுக்குள் குடித்துவிட வேண்டும், மணம் மங்கிவிடும். வலுவான ஸ்டவுட்டோ வைக்க வைக்கச் சுவை கூடும். இரண்டுக்கும் தேதி தெரிந்தாக வேண்டும்.

மூன்றாவது, ஆல்கஹால் அளவு. நொதிப்பதற்கு முன்னும் நொதித்து முடிந்த பின்னும் ஹைட்ரோமீட்டரில் பார்த்த அளவுகளைக் கழித்து, 131.25 ஆல் பெருக்குங்கள். 1.046-இல் தொடங்கி 1.010-இல் நின்றால், வித்தியாசம் 0.036, ஆல்கஹால் ஏறக்குறைய 4.7 சதவீதம். வண்டி ஓட்ட வேண்டியவருக்கு இந்த எண் முக்கியம்.

நான்காவது, உள்ளே சேர்த்தவை. பார்லியிலும் கோதுமையிலும் குளூட்டன் உண்டு. மில்க் ஸ்டவுட்டில் பால் சர்க்கரையான லாக்டோஸ் சேர்கிறது. பீரைத் தெளிய வைக்கச் சிலர் பயன்படுத்தும் ஐசிங்கிளாஸ், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கப்படுவது. சைவம் சாப்பிடும் நண்பருக்குப் பாட்டில் கொடுக்கும்போது இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. அடியில் ஈஸ்ட் வண்டல் தங்கியிருக்கும் என்பதால், ‘மெதுவாக ஊற்றவும், கடைசி வாயை விட்டுவிடவும்’ என்று ஒரு வரியும் சேருங்கள்.

இனி வடிவமைப்பு. லண்டனில் இருக்கும் கோர்ட்டால்ட் ஓவியக்கூடத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். எதுவார் மனே 1882-இல் முடித்த ‘ஃபோலி பெர்ஜேரில் ஒரு மதுக்கூடம்’ அங்கே இருக்கிறது. மேசையின் இரு ஓரங்களிலும் நிற்கும் பீர் பாட்டில்களைப் பாருங்கள். எழுத்தைப் படிக்கத் தேவையே இல்லை. சிவப்பு முக்கோணத்தைக் கண்டதும் பாஸ் பீர் என்று தெரிந்துவிடும். 1876-இல் பிரிட்டனில் முதல் வணிகச் சின்னமாகப் பதிவானது அந்த முக்கோணம்தான். ஒரே வடிவம், ஒரே நிறம், சுற்றிலும் போதிய வெற்றிடம். உங்கள் லேபிளிலும் கை நீட்டும் தூரத்தில் கண்ணில் படுவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். ஒரே அமைப்பை எல்லாப் பீருக்கும் வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் வகைக்கேற்ப மாற்றினால், பெட்டியைத் திறந்ததும் எது எதுவென்று புரியும். பிரபல நிறுவனங்களின் சின்னத்தைச் சற்றே மாற்றிப் போடும் ஆசை மட்டும் வேண்டாம்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் தேவை. ணு, ஞ, ழூ போன்றவற்றில் சுழிகள் அதிகம். சிறிய அளவில், அதிலும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அச்சிட்டால், சுழிகளில் மை அடைந்துவிடும். பெயரைப் பெரிதாகப் போடுங்கள்; சிறு விவரங்களை வெளிர் பின்னணியில் அடர்நிற எழுத்தில் தாருங்கள். மேல்விலங்கும் கீழ்விலங்கும் மேலும் கீழும் நீள்வதால் ஆங்கிலத்துக்கு விடுவதைவிட வரி இடைவெளியைக் கூட்டுங்கள். கேட்டமரன், முக்த மலர் ஆகிய எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல தடிமன்களில் வருவதால் பெயருக்கும் விவரத்துக்கும் ஒரே குடும்பமே போதும்.

அளவை ஊகிக்காதீர்கள். ஒரு காகிதப் பட்டையைப் பாட்டிலில் சுற்றி, கழுத்து நோக்கி வளையாத நேர்ப்பகுதியின் உயரத்தையும் சுற்றளவையும் குறித்துக்கொள்ளுங்கள். வளைவில் ஏறும் லேபிள் சுருங்கும். நேரே பார்க்கும்போது சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குதான் தெளிவாகத் தெரியும். பெயர் அதற்குள் அடங்க வேண்டும். 9 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம் என்று வைத்தால் ஓர் ஏ4 தாளில் ஆறு லேபிள் வரும். நாற்பது பாட்டிலுக்கு ஏழு தாள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் படத்தின் அளவு 1063-க்கு 945 பிக்சல்.

மை வழிவதற்குக் காரணம், சாதாரண இங்க்ஜெட் மை நீரில் கரையும் சாயம் என்பதே. லேசர் பிரிண்டரின் டோனர், சூட்டில் உருகித் தாளில் ஒட்டும் பிளாஸ்டிக் தூள். பாட்டில் வியர்த்தாலும் கரையாது. வீட்டில் லேசர் இல்லாவிட்டால் நகலகத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் தாளே வேண்டாம். சாதாரணத் தாளும் பாலும் போதும். கொழுப்பு நீக்கிய பாலைத் தாளின் பின்புறம் தூரிகையால் மெல்லப் பூசி, உலர்ந்த பாட்டிலில் அழுத்தி, ஓரத்தில் கசிவதைத் துடைத்துவிடுங்கள். பாலிலுள்ள கேசீன் புரதம் காய்ந்ததும் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். ஃபிரிட்ஜில் உதிராது. கழுவும்போது வெந்நீரில் ஊற வைத்தால் தானே கழன்று வரும். ஐஸ் வாளியில் மூழ்க வைப்பதானால் பால் தாங்காது. அந்த விருந்துக்கு மட்டும் நீர்புகாத ஸ்டிக்கரை வாங்குங்கள்.

நுரை கட்டிய பிறகே ஒட்டுங்கள். கசியும் பாட்டில் எது என்று அதற்குள் தெரிந்துவிடும். மொத்தமும் அச்சடிக்கும் முன் ஒன்றை மட்டும் ஒட்டி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் படித்துப் பாருங்கள். ஓவியம் தயாராகாமல் போனாலும் பரவாயில்லை. வகையும் தேதியும் எழுதாத பாட்டிலை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.