வெந்துபோன கல்வி

சித்திரக்கதை என்றவுடன் கற்றோர் பலர் அதனைச் சிறார் விளையாட்டென ஒதுக்கிவிடுவர். ஆயினும், ஒரு காலத்து மக்கள் தம் சிறுவர்க்கு எத்தகைய பகைவனைப் படைத்துக் காட்டினர் என்பதைக் கொண்டு, அக்காலத்தார் எதற்கு அஞ்சினர் என்பதை உய்த்துணரலாம். நம் பழங்கதைகளிற் பகைவன் பெரும்பாலும் தவத்தாற் பெற்ற வரத்தாலும் தோள்வலியாலும் செருக்குற்றவன். இருபதாம் நூற்றாண்டின் சித்திரக்கதைகளிலோ அவன் அறிவியலில் வல்லவன். பல வேளைகளில் எவரிடமும் பயிலாது தானே கற்றுத் தேர்ந்தவன். அவன்பாலுள்ள பிழை யாது? அவன் அறிவா, ஆசானின்மையா, அன்றி வேறொன்றா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யான் பிறந்த ஊர் நீலகிரியிலுள்ள ஜெகதளா. மழைக்காலத்து மாலைகளில், மாமா ஒருவர் தகரப்பெட்டியிற் சேர்த்து வைத்திருந்த பழைய சித்திரக்கதைகளே எமக்கு உற்ற துணை. அவை சிவகாசியிலிருந்து வந்தவை. 1972இல் தோன்றிய முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ச் சிறுவர்க்கு அறிமுகம் செய்தது. 1984இல் தோன்றிய லயன் காமிக்ஸ் அவ்வாண்டிலேயே ஸ்பைடர் என்பானைக் கொணர்ந்தது. இவன் விந்தையான கருவிகளைக் கையாண்டு, கள்வர்க்கெல்லாம் அரசனாக விழைந்தவன். பெல்ஹாம் என்னும் விஞ்ஞானியும், பூட்டுத் திறப்பதில் வல்ல ஆர்டினியும் அவனுக்கு ஏவலர். கொடியவனையே கதைத் தலைவனாகக் கண்ட எமக்கு அது பெருவியப்பாயிற்று.

ஸ்பைடர் கதை 1965இல் இங்கிலாந்தின் சிறுவர் வார இதழொன்றில் தொடங்கியது. அதனைப் பின்னர் எழுதியவர்களுள் ஜெரி சீகல் என்னும் அமெரிக்கர் தலையாயவர். இவரே 1938இல் ஜோ ஷஸ்டர் என்னும் ஓவியருடன் சூப்பர்மேனை உலகுக்கு அளித்தவர். 1940இல் அவ்வீரனுக்கு நிகரான பகைவனாக லூதரைப் படைத்தவரும் இவரே. எனவே, எங்கள் தகரப்பெட்டியில் இருந்த ஸ்பைடரை அறிய விரும்புவோர் அவனுக்கு மூத்தவனாகிய லூதரையும் அறிதல் வேண்டும்.

லூதருக்குப் பறக்கும் ஆற்றல் இல்லை. இரும்பை வளைக்கும் கைகளும் இல்லை. அவனுக்கு உள்ளது மூளை ஒன்றே. முதற்கதையில் அவன் வானூர்தியினின்று தொங்கும் நகரொன்றில் வீற்றிருந்து, இரு நாடுகளைப் போரில் மூட்டிவிடுகின்றான். 1960இல் சீகல் அவனது இளமைக்காலத்தை எழுதினார். அக்கதையில் லூதர் சிற்றூரில் வாழும் ஓர் இளைஞன். தானாகவே அறிவியல் பயில்பவன். அவன் ஒருகால் இளம் சூப்பர்மேனின் உயிரைக் காக்கின்றான். நன்றியாக அவ்வீரன் அவனுக்கு ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துத் தருகின்றான். லூதர் அதனுள் தனித்திருந்து அரும்பொருள்கள் சிலவற்றைக் கண்டறிகின்றான். ஒருநாள் அவனது கவனக்குறைவால் அக்கூடம் தீப்பற்றுகின்றது. நண்பன் தன் மூச்சுக்காற்றால் அதனை அணைக்கின்றான். அவ்வேளையில் இரசாயனங்கள் சிந்தி, லூதரின் தலைமயிரும் அவனது கண்டுபிடிப்பும் ஒருங்கே அழிகின்றன. பொறாமையாலேயே நண்பன் இது செய்தான் என்று அவன் துணிகின்றான். அன்று தொடங்கிய பகை பின் ஓயவில்லை.

மயிர் போனதற்காகவா உலகைப் பகைத்தான் என்று நகைப்போர் உளர். அவன் இழந்தது மயிர் மட்டுமன்று. கல்வியாகிய செல்வத்தைத் தீயும் வெள்ளமும் அழியா என்பது நம் முன்னோர் கொள்கை. லூதரின் கல்வியோ ஒரே நாளில் வெந்துபோயிற்று. அஃது எங்ஙனம்? அவன் அறிந்ததை அறிந்தவர் வேறு எவரும் இலர். அவன் எவருக்கும் சொல்லவில்லை. ஒரு மாணவனையும் சேர்க்கவில்லை. ஓர் அறைக்குள் அடைபட்ட கல்வியாதலின் அவ்வறையோடு அது வெந்தது.

ஆசானின்மையே அவன் குற்றமோ எனின், அன்று என்க. பாரதத்தில் வரும் ஏகலைவனுக்கும் ஆசானில்லை. துரோணர் கற்பிக்க மறுத்தார். அவன் அவர் வடிவத்தை மண்ணாற் சமைத்து, அதன்முன் நின்று வில்வித்தையைத் தானே பயின்றான். பின்னர் அத்துரோணரே அவனிடம் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டார். லூதரினும் பன்மடங்கு நியாயமான மனக்குறை ஏகலைவனுக்கு உண்டு. எனினும் தன் கலை தன்னொருவனுக்கே உரியதென்று அவன் எண்ணவில்லை. தானே கற்றவனும் கடன்பட்டவனே என்பதற்கு அம்மண்ணுருவமே சான்று. ஆசிரியர் கேட்டது அறமன்று. மாணவன் உணர்ந்த நன்றி பொய்யன்று.

கதைகளை விட்டு, எங்கள் மலையடிவாரத்துக் கோயம்புத்தூருக்கு வருவோம். அம்மாவட்டத்துக் கலங்கல் என்னும் ஊரில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளிப்படிப்பில் நாட்டமின்றி இளமையிலேயே அதனை விட்டவர். மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீளப் பூட்டிப் பொறியியலைத் தாமே கற்றார். 1920இல் ஒரே பேருந்தைக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்துத் தொடங்கினார். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்மோட்டார் செய்தார். இவ்வளவில் நின்றிருப்பின் அவர் திறமையாளர் என்ற பெயர் மட்டுமே பெற்றிருப்பார். பள்ளியை விட்ட அவரே இளைஞர்க்குத் தொழிற்கல்வி அளிக்க முனைந்தார். 1945இல் கோயம்புத்தூரில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றத் துணைநின்றார். 1974இல் அவர் மறைந்தபோது, அவரது அறிவு அவரோடு மறையவில்லை. லூதரும் அவரும் தாமே கற்றவர்கள்தாம். ஒருவன் ஆய்வுக்கூடத்தின் கதவைத் தாழிட்டான். மற்றவர் பட்டறையின் கதவைத் திறந்துவைத்தார். இருவர்க்கும் உள்ள வேற்றுமை இதுவே.

எங்கள் ஊர்ப்புறமும் இதற்குச் சான்று பகரும். ஜெகதளாவை அடுத்த அருவங்காட்டில், துப்பாக்கிக் குண்டை உந்தும் கார்டைட் என்னும் வெடிமருந்து செய்வதற்கென ஆங்கிலேயர் நிறுவிய ஆலை உள்ளது. அங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள குன்னூரில், 1907இல் நிறுவப்பெற்ற பாஸ்டர் நிலையம் உள்ளது. லூயி பாஸ்டர் 1885இல் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்தேற்றி ஒரு சிறுவனைக் காத்தார், 1895இல் இறந்தார். அவர் ஒருகாலும் கண்டிராத எங்கள் மலைக்கு, அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவரது முறை வந்து சேர்ந்தது. பிறர்க்குக் கற்பிக்கப்பட்டமையாலன்றோ அது கடல் கடந்தது? ஒரே பள்ளத்தாக்கில் வெடிமருந்தும் உயிர்மருந்தும் செய்யக் கண்டு வளர்ந்த யாம், அறிவு தானே வழி தேர்வதில்லை என்பதை எளிதில் உணர்வோம்.

ஸ்பைடரும் இறுதிவரை கள்வர் தலைவனாக இருக்கவில்லை. தன்னினும் கொடியோரை எதிர்க்கத் தொடங்கிய அவன், நாளடைவில் நீதியின் பக்கம் நின்றான். கருவிகள் பழையனவே, அவற்றாற் பயன்பெற்றோர் மாறினர். சிறுவராகிய யாம் அவனை விரும்பியதற்கு இம்மாற்றமும் ஒரு காரணமாம்.

இறுதியாக ஒன்று கூறுவேன். யான் பத்தாம் வகுப்பிற் பயின்றபோது, காய்ச்சலால் வாராதிருந்த நண்பன் ஒருவன் என் கணக்குக் குறிப்பேட்டைக் கேட்டனுப்பினான். அது காணாமற் போயிற்று என்று பொய் சொன்னேன். அத்தேர்வில் யான் முதல்வனானேன். சென்ற விடுமுறையில் அக்குறிப்பேடு அதே தகரப்பெட்டியின் அடியிற் கிடைத்தது. புரட்டிப் பார்த்தேன். எழுத்து என்னுடையதே, பொருளோ ஒரு பக்கத்திலும் நினைவில்லை. நண்பனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பின் இருவர் உள்ளத்திலும் நின்றிருக்கும். தீயின்றியே வெந்துபோன கல்வி அது.

உடன் பயிலும் நண்பர்களே, நம் ஒவ்வொருவரிடமும் சிறியதோர் ஆய்வுக்கூடம் உண்டு. அதன் கதவைத் திறந்து வைப்போமாக.