ஒரு வேர், இரு சொற்கள்

ஆங்கிலத்தில் 'றெலிக்', 'றெலிக்ற்' என்று இரண்டு சொற்கள் உண்டு. எழுத்தில் வேறுபாடு கடைசியில் வரும் ஒரு 'ற்' மட்டுமே. இரண்டும் 'விட்டுச்செல்' என்னும் பொருளுடைய ஒரே இலத்தீன் வினையிலிருந்து பிறந்தவை. எனினும் பொருள் வேறு.

'றெலிக்' என்பது மறைந்துபோன ஒன்றின் எச்சம். நாம் திருப்பண்டம் என்பது இதனையே. 1552 இல் இறந்த புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் கோவாவில் பேணப்படுகிறது. அதற்கு வணக்கம் செலுத்துகிறோம். பெட்டகத்தில் வைத்துக் காப்பதே அதற்குரிய முறை.

'றெலிக்ற்' என்பது உயிரோடு எஞ்சி நிற்பது. ஒருகாலத்தில் பரந்து வாழ்ந்து, பின்பு ஒரு சிறு இடத்தில் மட்டும் தப்பியிருக்கும் மரத்தையோ விலங்கையோ அறிவியலார் இவ்வாறு அழைப்பர். பழைய ஆங்கிலத்தில் கணவனை இழந்த பெண்ணையும் இச்சொல் குறித்தது.

1994 இல் அவுஸ்திரேலியாவின் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில் வொலமை என்னும் மரம் கண்டுபிடிக்கப்பட்டது. வளர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. அவை நிற்கும் இடத்தை இரகசியமாக வைத்துக் காத்ததோடு நின்றுவிடவில்லை. கன்றுகளாகப் பெருக்கிப் பல நாடுகளுக்கும் அனுப்பினார்கள். 2019–2020 இல் காட்டுத்தீ வந்தபோது, தீயணைப்பாளர்கள் தாய் மரங்களைக் காப்பாற்றினார்கள்.

இப்போது நமது கமத்துக்கு வருவோம். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெல்லினங்கள் முன்பு பரவலாக விதைக்கப்பட்டவை. புதிய இனங்கள் வந்தபின் சிலரது கைகளிலேயே எஞ்சின. ஊரைவிட்டுப் புறப்படும்போது விதைநெல்லையும் முடிந்து கொண்டுபோன குடும்பங்கள் உண்டு. அந்த முடிச்சை ஊரின் ஞாபகமாக இறாக்கையில் வைத்துவிட்டால், காலம் செல்லச் செல்ல முளைதிறன் குறைந்து, ஈற்றில் அது வெறும் நெல்லாகிவிடும். றெலிக்ற் றெலிக் ஆகிவிடும்.

ஆகவே எண்ணி நூறு நெல்லை எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, காயாமல் ஒரு வாரம் வையுங்கள். எண்பதுக்கு மேல் முளைத்தால் விதை நல்லது. குறைவாயின் மிகுதியைத் தாமதியாமல் விதையுங்கள். சொந்த வயல் இல்லையென்றால், இரவல் காணியில் ஒரு பாத்தி போதும். ஒரு பங்கை அயலவருக்கும் கொடுங்கள். ஒருவரிடம் அழிந்தாலும் மற்றவரிடம் இருக்கும்.

இறைவாக்கினர் எசாயாவின் மகனுடைய பெயருக்கு, 'எஞ்சியோர் திரும்பி வருவர்' என்பது பொருள். எஞ்சியோர் என்பது உயிருள்ளோரையே குறிக்கும்.

கலந்துரையாட:
1. உங்கள் ஊரில் விதைத்த நெல்லினங்கள் எவை? இப்போது யாரிடம் உண்டு?
2. விதையைத் தவிர, பெட்டியில் வைத்திருக்காமல் வளர்க்கவேண்டியவை வேறு எவை?