பாலினீசியாவுக்குப் பாய்மரப் படகில்

கேள்வி: தனிப் படகு எடுத்துப் பாலினீசியத் தீவுகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவர ஆசை. நடக்குமா ஐயா?
— வாசகர், நரிக்குடி

பதில்: நடக்கும், செலவுதான் பெரிது. ராயாத்தேயா தீவில் பாய்மரப் படகை மாலுமியோடு வாடகைக்கு எடுங்கள். அந்தத் தீவும் பக்கத்துத் தஹா தீவும் ஒரே பவளத்திட்டு வளையத்துக்குள் இருப்பதால் உள்ளே அலை அடங்கியிருக்கும். முதல் முறை போகிறவருக்கு அதுவே நல்லது. போரா போராவுக்குத் திறந்த கடலைத் தாண்ட வேண்டும். மே முதல் அக்டோபர் வரை போங்கள். அதன்பின் ஏப்ரல் வரை மழையும் புயலும். ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது. பிரெஞ்சு பாலினீசியாவுக்கென்று கேட்டு வாங்குங்கள்.

கிளம்புமுன் மாவ் பியாய்லுக்கைப் பற்றிப் படியுங்கள். 1976-ல் ஹொகுலேயா என்ற படகை ஹவாயிலிருந்து தாஹிட்டிக்கு, எந்தக் கருவியும் இல்லாமல், நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்தே செலுத்தியவர். மனிதன் செய்த மகத்தான காரியங்களில் ஒன்று அது.

இன்னொன்று. தீவுகள் உங்கள் பக்கத்திலேயே உண்டு. திருச்சுழி வழியாக ஓடும் உங்கள் குண்டாறு சேருமிடம் மன்னார் வளைகுடா. அங்கே ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கடற்பசு மேயும் கடல். பவளப்பாறையை வெட்டி எடுத்த கொடுமையும் சேர்ந்து, பூவரசன்பட்டி, விலங்குசல்லி என இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அங்கே இஷ்டத்துக்குப் படகு விட முடியாது, விடவும் கூடாது. நங்கூரம் விழுந்தாலே பவளம் உடையும். வனத்துறை அனுமதிக்கும் படகில் மட்டும் போங்கள். உங்கள் ஊரிலிருந்து மானாமதுரை போய் ரயில் மாறினால் ராமேசுவரம்.