கொல்லர் பெயரோடு விற்கும் கத்தி

சேகரிப்பாளர்களுக்கான விலை உயர்ந்த கத்திகளை இணையத்தில் விற்கலாம் என்று புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பழைய பொருளைத் தொடாதீர்கள் என்பதுதான். பழங்கத்திக்குக் கிடைக்கும் விலையைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் இந்தப் பக்கம் வருகிறார்கள் என்பதால், இது காதில் ஏறுவது கஷ்டம். ஆனாலும் மடவார் வளாகத்திலிருந்து பார்க்கும்போது எனக்கு இது தெளிவாகத் தெரிகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, தென்னையும் மாவும் நெல்லுமாகக் கிடக்கும் இந்த மலையடிவாரத்தில் அரிவாளுக்கு இன்றும் வேலை இருக்கிறது. அதை அடித்துக் கொடுக்கக் கொல்லர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் புதிய கத்தியை அவர்கள் பெயரோடும் முழு விவரத்தோடும் விற்பதுதான் கையில் முதலும் பெயரும் இல்லாத ஒருவருக்குச் சரியான தொடக்கம். இப்படிச் சொல்ல எனக்குச் சட்டமும் சரித்திரமும் துணைக்கு இருக்கின்றன.

சட்டத்தை முதலில் பார்ப்போம். தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1972இல் வந்து, 1976இல் நடைமுறையானது. அதன்படி நூறு ஆண்டு கடந்த வாளும் கட்டாரியும் வேட்டைக் கத்தியும் தொல்பொருள்தான். அவற்றைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. உள்நாட்டில் வாங்கி விற்கும் தொழில் செய்யவும் உரிமம் வேண்டும். ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுத்துப் பொட்டு வைக்கும் பரம்பரை வாளை ஒரு குடும்பம் விற்கச் சொல்லிக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததும் பார்சல் கட்டுவது குற்றம். வயது சந்தேகமாக இருந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிய பிறகுதான் அனுப்பவேண்டும். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட அரிவாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கருப்பசாமி முன் நட்டது விலைக்கு வரக் கூடாது, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

பிடியைப் பற்றி இன்னும் கவனமாக இருக்கவேண்டும். பழங்கத்திகளில் தந்தப் பிடியும் மான் கொம்புப் பிடியும் சாதாரணம். உள்நாட்டுத் தந்த வணிகம் 1986லும், ஆப்பிரிக்கத் தந்த வணிகம் 1991லும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தங்களால் தடை செய்யப்பட்டன. மான் கொம்பும் அதே சட்டத்துக்குள் வருவதுதான். காட்டில் தானாக உதிர்ந்த கொம்பு என்ற விளக்கம் எடுபடாது. நம் ஊருக்கு மேற்கே தெரியும் மலை சாம்பல் நிற அணில் சரணாலயமாக இருந்து, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. அதன் அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு கொம்புப் பிடி போட்ட கத்தியை விற்பது சட்டப்படி மட்டுமல்ல, மனசாட்சிப்படியும் தவறு என்பது என் உறுதியான எண்ணம். பூவரசும் வாகையும் புளியும் நல்ல பிடி தரும் மரங்கள். தோதகத்தி இன்னும் அழகாக இருக்கும், ஆனால் அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மரம் என்பதால், வெளிநாட்டுக்கு அனுப்பத் தனிச் சான்று தேவைப்படலாம். தொடக்கத்தில் அந்தச் சுமை வேண்டாம்.

சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தே பழங்கத்தி விற்கிறவர்களும் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள். போலியை அடையாளம் காணும் கண், உரிமம், பொருளின் கைமாறிய வரலாற்றைத் தேடிப் பிடிக்கும் பொறுமை எல்லாம் அவர்களிடம் உண்டு. புதியவரிடம் இவற்றில் ஒன்றும் இருக்காது. துருவை அமிலத்தால் வரவழைக்கலாம், பழைய பிடியைப் புதிய அலகில் மாட்டலாம். இதை வாங்குகிறவர் கண்டுபிடித்துச் சொல்லும்போது விற்றவருக்கே அதிர்ச்சியாக இருக்கும். அதற்குள் அவர் பெயர் சேகரிப்பாளர் வட்டத்தில் கெட்டுவிடும்.

இனி சரித்திரம். தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகுக் கட்டிகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனுக்குப் போயின. 1795இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜார்ஜ் பியர்சன் அந்த எஃகை ஆராய்ந்து எழுதினார். பின்னர் மைக்கேல் ஃபாரடேயும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரும் சேர்ந்து அதன் ரகசியத்தைத் தேடினார்கள். ஸ்டோடார்ட் அந்த எஃகில் அறுவைக் கருவிகள் செய்து, ஐரோப்பிய எஃகைவிட இது மேல் என்று தம் கடை விளம்பரத்திலேயே போட்டார். இன்று நமக்கு ஸ்டோடார்ட் பெயர் தெரிகிறது. கட்டியை உருக்கியவர் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தபின் அந்த ஆயுதக் கிடங்கு கலைக்கப்பட்டது. சில சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின, பெரும்பகுதி உடைத்துப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. ஆங்கிலேய அதிகாரி எம். ஜே. வால்ஹவுஸ் 1878இல் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். தப்பிய தஞ்சைக் கட்டாரிகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வரை போய்விட்டன. அவற்றுக்கு அரண்மனையின் பெயரால் மதிப்பு வந்தது, செய்தவர் பெயர் காணாமல் போனது. சேலத்து அருணாசலம் இதற்கு விலக்கு. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார வேட்டைக்காரர்களுக்குக் கத்தியும் பன்றி வேட்டை ஈட்டிமுனையும் அடித்த அவர், தம் பெயரையும் ஊரையும் ஆங்கில எழுத்தில் அலகிலேயே பொறித்தார். அந்தக் கத்திகள் இன்றும் வெளிநாட்டு ஏலங்களுக்கு வருகின்றன, அவர் பெயராலேயே வருகின்றன. அதே தரத்தில் அதே காலத்தில் அடித்த பெயரற்ற கத்தி எத்தனையோ இருந்திருக்கும். ஒரு முத்திரை அவற்றிலிருந்து அருணாசலத்தின் கத்தியைப் பிரித்துக் காட்டுகிறது.

ஊர்ப் பெயர் போதாதா, திருப்பாச்சேத்தி அரிவாள் என்றாலே விற்கிறதே என்பது அடுத்த கேள்வி. போதாது என்பதற்கு நம் ஊர்களே சாட்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயர் எழுதிய பெட்டி எந்தப் பேருந்து நிலையத்திலும் கிடைக்கும், உள்ளே இருப்பது எங்கே கிண்டியது என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால் தலையே வெளியானது. ஆனாலும் நாய் வாங்குகிற விவரமான ஆள் ஊரைக் கேட்பதோடு விடமாட்டார், குட்டியின் தாய் தகப்பனைக் காட்டச் சொல்வார். ஊர்ப் பெயர் வாங்குபவரை வாசல் வரை அழைத்துவரும். அதிக விலை கொடுக்க அவர் துணிவது, இந்தப் பொருளை இன்னார் செய்தார் என்று கையால் தொட்டுக் காட்டும்போதுதான். ஜப்பானில் சாக்காய் நகரத்துச் சமையல் கத்திகளை விற்கிறவர்கள் அடித்தவர் பெயரையும் சாணை பிடித்தவர் பெயரையும் தனித்தனியாகச் சொல்கிறார்கள், எஃகின் வகையையும் சேர்த்து. அதுவும் காய் நறுக்குகிற கத்திதான்.

ஆகவே புதியவர் கேமராவைத் தேடுவதற்கு முன்னால் பட்டறைக்குப் போய்க் கொல்லரிடம் உட்கார்ந்து பேசவேண்டும். இரும்பு எங்கிருந்து வந்தது, தோய்ச்சல் எண்ணெயிலா தண்ணீரிலா, தோய்ச்சல் போட்ட பிறகு எந்த நிறம் வரும்வரை சூடு காட்டினார், அலகின் காம்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது, பூண் இரும்பா பித்தளையா என்பதையெல்லாம் எழுதிக்கொள்ள வேண்டும். கொல்லர் சம்மதத்தோடு அவர் பெயரும் வரிசை எண்ணும் ஆண்டும் அலகில் பொறிக்கப்பட வேண்டும். பிறகு சோதனை. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய கத்திக் கொல்லர் சங்கம் தலைமைக் கொல்லர் பட்டத்துக்கு வைக்கும் தேர்வில், தொங்கவிட்ட ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்கவேண்டும், மரச்சட்டங்களை வெட்டித் துண்டாக்க வேண்டும், அதற்குப் பிறகும் வாய் மழுங்காமல் கைமுடியைச் சிரைக்க வேண்டும், கடைசியில் அலகை 90 பாகை வளைத்தாலும் ஒடியக் கூடாது. நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஒரே இரும்பில் ஒரே உலையில் அடித்த கத்திகளில் ஒன்றை ஒதுக்கி, தென்னை மட்டையும் காய்ந்த விறகும் வெட்டி, வாய் என்ன ஆனது என்று படம் எடுத்துப் போட்டாலே பெரிய சான்று. விற்கும் கத்தியின் குறையையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும்: சம்மட்டித் தழும்பு, பிடியில் மயிரிழை விரிசல், முதுகில் சிறு கோணல் எல்லாவற்றையும். குறையைச் சொன்னால் விலை குறையும் என்கிறார்கள். கொஞ்சம் குறையலாம். ஆனால் 2020இன் மின்வணிக விதிகளின்படி, சொன்ன விவரத்தோடு பொருந்தாத பொருளைத் திரும்பப் பெற மறுக்க முடியாது. திரும்பி வரும் ஒரு கத்தியின் தபால் செலவும் அதோடு போகும் நல்ல பெயரும் அந்த விலைக் குறைவைவிட அதிகம்.

நம் கொல்லர்கள் லாரி ஸ்பிரிங் பட்டையில்தானே அடிக்கிறார்கள், அதற்கு யார் பணம் கொடுப்பார்கள் என்ற தயக்கம் பலருக்கு உண்டு. ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகு. அதிர்ச்சி தாங்கவென்றே செய்தது, வெட்டுகிற கத்திக்குப் பொருத்தமானது. வெளிநாட்டுக் கொல்லர்களும் அதே குடும்பத்து எஃகைப் புதிதாக விலைக்கு வாங்கி அடிக்கிறார்கள். பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம் என்பது மட்டும் நியாயமான பயம். அதற்குக் கொல்லர் எப்படிப் பார்த்து ஒதுக்குகிறார் என்பதை எழுதலாம், அல்லது புதிய பட்டை வாங்கிக் கொடுக்கலாம். ஸ்பிரிங் பட்டை என்பதை மறைத்து ‘டமாஸ்கஸ் எஃகு’ என்று போடுவதுதான் மோசம். இன்று அந்தப் பெயரில் வருபவை பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி ஒட்டி அடித்து, அமிலத்தில் முக்கிக் கோலம் தெரியவைத்தவை. அதுவும் திறமையான வேலைதான், ஆனால் நம் மூசை எஃகு அல்ல. இரண்டையும் குழப்பி எழுதுகிறவரைச் சேகரிப்பாளர் முதல் வரியிலேயே விட்டுவிடுவார். மாறாக, பனையேறிகளின் பாளை அரிவாளை அதன் வேலையைச் சொல்லி, எந்தப் பூச்சும் இல்லாமல் காட்டினால், அதை வேறெங்கும் பார்த்திராதவர் நின்று படிப்பார்.

இவை எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. தென்மாவட்டங்களில் அரிவாள் என்றால் ரத்தமும் நினைவுக்கு வருகிறது. இதை வீட்டிலிருந்தபடி முகம் தெரியாதவருக்கு விற்கலாமா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கிறவர் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது. 2021இல் தென்மாவட்டக் கொலைகளைத் தொடர்ந்து, பட்டறைகளிலும் கடைகளிலும் கேமரா வைக்கவும், வாங்குகிறவர் பெயர், முகவரி, கைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளவும் தமிழகக் காவல்துறை கேட்டுக்கொண்டது. இணைய விற்பனைக்கு அது இன்னும் பொருந்தும். ஆயுதச் சட்ட விதிகளின் ஐந்தாம் வகையில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆலைக்கும் என்று வடிவமைத்தவைக்கு விலக்கு உண்டு. என் யோசனை, அந்த விலக்கை நம்பி நீளமாக அடிக்கச் சொல்லாமல், அளவுக்கு உள்ளேயே நிற்பது. இருபுறமும் வாய் உள்ள குத்துவாளைச் செய்யவே வேண்டாம். வயதுச் சான்று இல்லாமல் விற்பதில்லை, அவசரமாக நாளைக்கே வேண்டும் என்பவருக்கு விற்பதில்லை, சினிமாவில் பார்த்த அரிவாள் என்று விளம்பரம் எழுதுவதில்லை என்று இருந்தால் விற்பனை கொஞ்சம் குறையும், குறையட்டும். ஆயிரக்கணக்கில் கொடுத்து, பெயரும் எண்ணும் பொறித்த கத்தியை அடையாளச் சான்றோடு வாங்குபவர் அதைக் கொண்டு குற்றம் செய்வது அரிது. அந்த எண்ணே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அனுப்புவதில் சொல்ல வேண்டியவை சில. பணம் வந்ததாக அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பக் கூடாது, வங்கிக் கணக்கில் வரவு தெரிந்த பிறகே பார்சல் கட்டவேண்டும். கட்டுவதை வீடியோ எடுத்து வைப்பது தகராறு வந்தால் உதவும். அலகுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் நாளாக ஆகப் பிசுபிசுத்து நாற்றமடிக்கும், கனிம எண்ணெய் நல்லது. தோல் உறையைத் தனியாகச் சுற்றி வைக்க வேண்டும், பதனிட்ட தோலில் உள்ள உப்பும் ஈரமும் வழியிலேயே துருப்பிடிக்க வைக்கும். முனைக்குக் கெட்டி அட்டையோ மரக்கட்டையோ மாட்டாமல் கட்டுவது தபால்காரர் கைக்கு ஆபத்து. கத்தி எடுத்துக்கொள்ளாத கூரியர்கள் உண்டு, முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்கு ஏற்றுமதிக் குறியீட்டு எண் தேவை. தபால் துறையின் ஏற்றுமதி மையங்கள் சிறு வியாபாரிக்கு வசதி. வாங்குபவர் நாட்டுச் சட்டமும் நம் பொறுப்புதான். பிரிட்டன் 2019இல் இயற்றிய சட்டத்தால், அங்கே கத்தி பார்சலை வயது பார்த்த பிறகே ஒப்படைக்கிறார்கள்.

விலையை எப்படி வைப்பது என்பது கடைசியில் வந்தாலும், எனக்கு இதுவே முக்கியம். அரிவாளுக்குச் சந்தையில் என்ன விலையோ அதைக் கொல்லருக்குக் கொடுத்துவிட்டு, அவர் பெயரைப் போட்டுப் பல மடங்குக்கு விற்பது ஸ்டோடார்ட் காலத்து ஏற்பாடு. இரும்பு, கரி, கொல்லரும் சம்மட்டி அடிப்பவரும் கொடுத்த நாட்கள், பிடி, உறை, சோதனைக்குப் போன கத்தி, தபால் எல்லாவற்றையும் தாளில் எழுதி, மிச்சத்தில் கொல்லருக்கு எத்தனை பங்கு என்பதை முதல் கத்திக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். விற்ற விலையை அவரிடம் மறைக்கக் கூடாது, அவர் பெயரில் ஒரு பதிவேடு ஓடவேண்டும். அது எத்தனையாவது கத்தி, எந்த ஊருக்குப் போனது, என்ன விலை என்ற பதிவேட்டின் ஒரு பிரதி பட்டறையில் இருக்கட்டும். நாளைக்கு அவர் வேறொருவர் மூலமாகவோ தானாகவோ விற்க நினைத்தாலும் அந்தக் கணக்கு அவருடையதுதான்.