பல்லைப் பிடித்துப் பாருங்கள்

நீலகிரியில் சைக்கிள் ஓட்டக் குறைந்தது 21 கியர் வேண்டும், பின்சக்கரத்து ஹப்புக்குள் கியர் அடங்கிய வண்டியெல்லாம் கீழே சமவெளிக்காரர்களுக்கு என்றொரு பேச்சு ஓயாமல் சுற்றிவருகிறது. ஊட்டிக் கடைவீதியிலும் இதே பேச்சு, சோலூர்ப் பக்கத்து ஹட்டிக் கிராமங்களிலும் இதே பேச்சு. தினமும் வேலைக்குப் போய்வர ஒரு வண்டி என்று கடைக்குள் நுழைபவரிடம் முதலில் சொல்லப்படுவதும் இந்த எண்தான். 21 என்பது கைப்பிடியில் உள்ள இரண்டு எண்களின் பெருக்குத்தொகை. முன்னால் 3, பின்னால் 7. ஏற்றத்தில் உங்கள் முழங்காலுக்கு அந்த 21 தெரியாது. மிதியோடு சுற்றும் முன்பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின்பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் விகிதங்களில் மிகச் சிறியது எதுவோ, அது ஒன்றுதான் தெரியும்.

வகுத்துப் பார்ப்போம். மலிவான 21 கியர் வண்டியில் பரவலாக இருக்கும் அமைப்பு, முன்னால் 28, 38, 48 பல். பின்னால் 14 முதல் 28 வரை. முன்னே 28, பின்னே 14 போட்டால் விகிதம் 2. முன்னே 48, பின்னே 24 போட்டாலும் அதே 2. 28க்கு 16, 38க்கு 22, 48க்கு 28 ஆகிய மூன்றும் 1.71க்கும் 1.75க்கும் இடையில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரே கியரை மூன்று பெயரில் விற்றிருக்கிறார்கள்! கடைசியில் ஏற்றத்துக்கு உதவுவது 28க்கு 28, அதாவது விகிதம் 1. இப்போது ஷிமானோ நெக்ஸஸ் 8 கியர் ஹப்பை எடுங்கள். முன்னே 38, பின்னே 19 பல் என்று 2 விகிதத்தில் பூட்டினால், அதன் முதல் கியர் அதை 0.527 மடங்காக்கி 1.05க்குக் கொண்டுவருகிறது. 21க்கும் 8க்கும் ஏற்றத்தில் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

இது மலையில் என்ன செய்யும் என்பதற்கு நம்மூர் ரயிலே அளவுகோல். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்தண்டவாளத்தில் ஏறும் அந்தப் பாதையின் கடும் சரிவு, 12 அடிக்கு ஓர் அடி உயரம். அப்படியொரு சரிவில் ஆள், வண்டி, பை எல்லாம் சேர்த்து 88 கிலோவை 120 வாட் உழைப்பில் ஏற்றினால் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகம்தான் கிடைக்கும். 26 அங்குலச் சக்கரத்தில் 21 கியர் வண்டியின் மிதி அப்போது நிமிடத்துக்கு 44 சுற்று சுற்றும். 8 கியர் ஹப்பில் 42. கியர் இல்லாத சாதா வண்டியில், முன்னே 44, பின்னே 18 பல் என்றால், வெறும் 18 சுற்று. அது மிதிப்பதல்ல, ஒவ்வொரு மிதியிலும் எழுந்து நின்று கும்பிடுவது.

“பின்னால் 34 பல் போட்ட 21 கியர் வண்டியும் இருக்கிறதே?” என்பார்கள். இருக்கிறது, ஏற்றத்தில் அது ஹப்பை வெல்லவும் செய்யும். வெல்வது அந்த 34 பல், 21 என்ற எண் அல்ல. “ஹப்பிலும் பின்பல்லைக் கூட்டிக்கொண்டே போகலாமா?” என்பது நியாயமான கேள்வி. போகக்கூடாது. விகிதம் குறையக் குறைய ஹப்பின் உள்பற்கள்மேல் முறுக்கு கூடும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் 2ஐ ஒட்டியே நிற்கச் சொல்கிறார்கள். இந்தக் கட்டுப்பாட்டில் 3 கியர் ஹப் 12க்கு ஒன்று சரிவில் திணறும், நிமிடத்துக்கு 30 சுற்றுதான். 25 அடிக்கு ஓர் அடி ஏறும் சாலையில் அதே ஹப் 57 சுற்றில் சுகமாக ஏறும். 1936இல் வந்த ஸ்டர்மி ஆர்ச்சர் ஏடபிள்யூ போன்ற 3 கியர் ஹப்புக்கு மலையில் கெட்ட பெயர் என்றால், பாதிப் பழி சமவெளிக்கான பின்பல்லோடு அதை அப்படியே பூட்டிக் கொடுத்தவர்களுக்குப் போக வேண்டும்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஹப் கியர் உழைப்பைத் தின்னும் என்கிறார்கள். சைக்கிள் பொறியியலில் பெயர்பெற்ற கைலும் பெர்ட்டோவும் 2001இல் வெளியிட்ட அளவீட்டில் சராசரி வித்தியாசம் சுமார் 2 சதவீதம். அதுவும் சுத்தமான செயினோடு ஒப்பிட்டு. நமது மழையிலும் எஸ்டேட் சேற்றிலும் செயின் எத்தனை நாள் சுத்தமாக இருக்கும்? மூடிய ஹப்புக்கு அந்தச் சேறு பொருட்டில்லை. பஸ் மறித்து வளைவில் நின்றுவிட்டாலும் நின்ற இடத்திலேயே கியரை இறக்கலாம். குறையும் உண்டு: ஏறும்போது மிதியைச் சற்றுத் தளர்த்தினால்தான் கியர் விழும், பஞ்சர் என்றால் நட்டையும் கேபிளையும் கழற்ற வேண்டும், உதிரிபாகம் எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஆனால் ஒரு நம்பிக்கை ஆளையே கொல்லும். தலைக்குந்தாவிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் கல்லட்டிச் சாலையில் வண்டிகளைக் குறைந்த கியரில் இறங்கச் சொல்கிறார்களே, அது எஞ்சின் உள்ள வண்டிக்கு. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தியதும் சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றும். எந்தக் கியரில் இருந்தாலும் அது பிரேக் போடாது.

வாங்கப்போகிறவருக்குச் சொன்னது போதும். வாங்காமலே சைக்கிள் பெறுபவர்கள் இருக்கிறார்கள். பிளஸ் 1 மாணவர்களுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டி கியர் இல்லாதது, சமவெளியை மனதில் வைத்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். இது தானமல்ல, வரிப்பணம்; பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். 8 கியர் ஹப் கேட்கவில்லை. பின்னால் 18 பல் ஃப்ரீவீலுக்குப் பதில் 22 பல் போட்டால், 25க்கு ஒன்று ஏற்றத்தில் 34 சுற்றில் திணறும் பிள்ளை அதே உழைப்பில் 42 சுற்றில் ஏறும். கடும் சரிவில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். மற்ற இடங்களில் ஓட்டலாம். அடுத்த டெண்டரில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் மட்டும் அந்த ஓர் எண்ணை மாற்றி எழுதுங்கள்.